ஃப்யூயல் ரெயில் போல்ட்டை எவ்வளவு இறுக்க வேண்டும்? இறுக்கிய பிறகும் பெட்ரோல் வாடை நிற்கவில்லை

முகப்பேர்_ஓட்டி கேட்டது:

அனைவருக்கும் வணக்கம். என்னிடம் இருப்பது 2014-ஆம் ஆண்டு வாங்கிய 1.2 லிட்டர் பெட்ரோல் கார். சென்ற மாதம் எங்கள் பகுதியிலுள்ள ஒரு பட்டறையில் எஞ்சினுக்குப் பெட்ரோல் தெளிக்கும் நான்கு இன்ஜெக்டர்களையும் கழற்றிச் சுத்தம் செய்து திரும்ப மாட்டினார்கள். அன்று மாலை வீட்டுக்கு வந்து பானட்டைத் திறந்தபோதே மெல்லிய பெட்ரோல் வாடை வந்தது. மறுநாள் கொண்டுபோய்க் காட்டியபோது, போல்ட் லூசாக இருந்திருக்கும் என்று சொல்லி, அரை அங்குல ராட்செட்டை எடுத்து, இன்ஜெக்டர்களுக்குப் பெட்ரோல் கொண்டுவரும் குழாயான ஃப்யூயல் ரெயிலைப் பிடித்திருக்கும் இரண்டு போல்ட்டுகளையும் கால் சுற்றுக்கு மேல் இறுக்கினார்கள். அவற்றில் ஒன்று கடைசியில் இறுகாமல் வழுக்கிக்கொண்டு போனதை நான் பக்கத்தில் நின்று பார்த்தேன். கேட்டதற்கு, அது அப்படித்தான் இருக்கும் என்றார்கள். இரண்டு நாள் வாடை குறைந்தது போலிருந்தது. இப்போது திரும்ப வருகிறது. மூன்றாவது இன்ஜெக்டரின் தலைப் பக்கம் ஈரம் பட்டு, அதில் தூசி ஒட்டிய தடமும் தெரிகிறது.

இனி நானே கழற்றிச் சரியாக மாட்டலாம் என்று நினைக்கிறேன். சர்வீஸ் கையேட்டில் அந்த 6 மில்லிமீட்டர் போல்ட்டுக்கு எதிரே 10, 1.0, 7.4 என மூன்று எண்கள் இருக்கின்றன. நண்பர் ஒருவர் அனுப்பிய அட்டவணையிலோ 89 என்று இருக்கிறது. என்னிடம் சக்கர நட்டுக்காக வாங்கிய டார்க் ரெஞ்ச் (வைத்த அளவுக்கு இறுகியதும் 'கிளிக்' என்று ஒலிக்கும் ஸ்பேனர்) உண்டு. அதன் அளவு 28-இல் தொடங்கி 210 நியூட்டன் மீட்டரில் முடிகிறது. எந்த எண்ணை எடுத்துக்கொள்வது, இந்த ரெஞ்சையே பயன்படுத்தலாமா, போல்ட்டின் மரையில் எண்ணெய் தடவலாமா என்பதைத் தெரிந்தவர்கள் சொன்னால் உதவியாக இருக்கும்.

கொரட்டூர்_வாசி எழுதியது:

இறுக்கும் அளவைப் பிறகு பார்க்கலாம். முதலில் அந்த வண்டியை ஓட்டுவதை நிறுத்துங்கள். அடுக்குமாடிக் குடியிருப்பின் தரைக்குக் கீழுள்ள நிறுத்துமிடத்தில் வைத்திருந்தால் திறந்த வெளிக்குத் தள்ளிக்கொண்டு வந்துவிடுங்கள். பெட்ரோல் ஆவி காற்றைவிடக் கனமானது. மேலே போகாமல் தரையோடு படிந்து, பள்ளமான இடத்தில் தேங்கி நிற்கும். பெட்ரோல் தீப்பற்றத்தக்க ஆவியை வெளிவிடத் தொடங்கும் வெப்பநிலை பூச்சியத்துக்குக் கீழே 40 டிகிரி அளவில் இருக்கிறது. சென்னையில் அது பற்றிக்கொள்ளாத நேரம் என்று ஒன்றும் கிடையாது.

கழற்றுவதற்கு முன் ஃப்யூயல் பம்பின் ஃப்யூஸையோ ரிலேயையோ பிடுங்கிவிட்டு வண்டியை ஸ்டார்ட் செய்யுங்கள். குழாயிலிருக்கும் பெட்ரோல் தீர்ந்து தானாக நின்றுவிடும். இன்னும் இரண்டொரு முறை ஸ்டார்ட்டரைச் சுற்றவிட்டு, அதன் பிறகு பேட்டரியின் நெகட்டிவ் முனையைக் கழற்றுங்கள். இவ்வளவு செய்தும் கொஞ்சம் பெட்ரோல் சிந்தத்தான் செய்யும். அடியில் துணி வைத்துக்கொள்ளுங்கள். எஞ்சின் முழுவதும் ஆறியிருக்க வேண்டும். கைக்கெட்டும் இடத்தில் உலர்தூள் தீயணைப்பான் ஒன்று இருக்கட்டும்.

பாடி_போல்ட் எழுதியது:

போல்ட் தயாரிக்கும் தொழிற்சாலையின் தரக்கட்டுப்பாட்டுப் பிரிவில் பல ஆண்டுகள் இருந்து ஓய்வு பெற்றவன் என்பதால், இந்தக் கேள்வியைப் பார்த்தவுடன் கை பரபரத்துவிட்டது. சற்று நீளமாக எழுதுவதைப் பொறுத்துக்கொள்ளுங்கள்.

எண்களின் குழப்பத்தை முதலில் தீர்த்துவிடலாம். நீங்கள் சொல்லும் நான்கு எண்களும் ஒரே அளவைத்தான் குறிக்கின்றன. 10 என்பது நியூட்டன் மீட்டர், 1.0 என்பது கிலோகிராம் மீட்டர், 7.4 என்பது பவுண்டு அடி, 89 என்பது பவுண்டு அங்குலம். ஆபத்து கடைசி எண்ணில்தான் இருக்கிறது. 89-ஐப் பவுண்டு அடி என்று படித்துவிட்டால் அது ஏறத்தாழ 120 நியூட்டன் மீட்டராகிவிடும். சக்கர நட்டையே திணற வைக்கிற அந்த அளவு வருவதற்கு வெகு முன்பே 6 மில்லிமீட்டர் போல்ட் இரண்டாக முறிந்திருக்கும்.

உங்கள் ரெஞ்ச் இந்த வேலைக்கு ஆகாது. அதன் மிகக் குறைந்த அளவே உங்களுக்கு வேண்டியதைப் போல இரண்டரை மடங்குக்கு மேல் இருப்பதால், 'கிளிக்' என்ற ஓசைக்காகக் காத்திருந்தால் மரை போய்விடும். கால் அங்குல முனையுள்ள, 5 முதல் 25 நியூட்டன் மீட்டர் வரை அளவிருக்கும் சிறிய ரெஞ்ச் வேண்டும். ஜெனரல் பேட்டர்ஸ் சாலையிலும் பாரிமுனைப் பக்கமும் உள்ள கருவிக் கடைகளில் விசாரித்துப் பாருங்கள். எந்த டார்க் ரெஞ்சானாலும் அதன் உச்ச அளவில் ஐந்தில் ஒரு பங்குக்குக் கீழே அதை நம்பி வேலை செய்யாமலிருப்பது நல்லது.

இப்போது மரையில் எண்ணெய் தடவுவது பற்றி. போல்ட்டைச் சுற்றும்போது நாம் கொடுக்கும் முறுக்கு விசையில் ஏறத்தாழ பாதி போல்ட் தலைக்கு அடியிலுள்ள உராய்வுக்கும், இன்னொரு 40 சதவீதம் மரைகளுக்கு இடையிலான உராய்வுக்கும் போய்விடுகிறது. போல்ட்டை இழுத்துப் பிடிக்கும் உண்மையான வேலைக்குக் கிடைப்பது பத்தில் ஒரு பங்குதான். எனவே உராய்வு சிறிது குறைந்தாலும் பிடிப்பு விசை பெரிதாக ஏறிவிடும். கணக்குப் போட்டுப் பாருங்கள்: உலர்ந்த மரையில் 10 நியூட்டன் மீட்டர் கொடுத்தால் 6 மில்லிமீட்டர் போல்ட்டில் ஏறத்தாழ 8,300 நியூட்டன், அதாவது 850 கிலோ எடைக்கு ஈடான பிடிப்பு கிடைக்கும். எண்ணெய் தடவிய மரையில் அதே 10 நியூட்டன் மீட்டருக்கு அது 11,000 நியூட்டனைத் தொட்டுவிடும். தலையில் 8.8 என்று பொறித்த போல்ட் நிரந்தரமாக நீளாமல் தாங்கக்கூடிய எல்லையே ஏறத்தாழ 11,600 நியூட்டன்தான். கையேட்டில் எண்ணெய் தடவச் சொல்லாதவரை மரை சுத்தமாகவும் உலர்ந்தும் இருக்க வேண்டும் என்பதற்கு இதுவே காரணம். மறுபக்கம் திறப்பில்லாத குழியாக இருந்தால் இன்னொரு சிக்கலும் உண்டு: உள்ளே தேங்கிய எண்ணெய் அமுங்க இடமில்லாமல் எதிர்த்து நிற்பதால் போல்ட் இறுகிவிட்டது போன்ற பொய்த் தோற்றம் வரும், சில வேளை அலுமினியமே விரிசல் விடும்.

ஆனால் நீங்கள் கேட்காத ஒன்றுதான் இதில் முக்கியமானது. உங்கள் வண்டியில் பெட்ரோல் கசியாமல் தடுப்பது போல்ட் அன்று, இன்ஜெக்டரின் தலையிலிருக்கும் ஓ-ரிங் என்ற ரப்பர் வளையம். அது ரெயிலின் குழிக்குள் பக்கவாட்டில் நசுங்கி அடைக்கிறது. எவ்வளவு நசுங்க வேண்டும் என்பதைக் குழியின் விட்டமும் வளையத்தின் தடிமனும் முடிவு செய்கின்றன. ரெயிலின் கால் அலுமினியத்தின் மேல் உட்கார்ந்த பிறகு போல்ட்டை இன்னும் நூறு மடங்கு இறுக்கினாலும் ஓ-ரிங் ஒரு மயிரிழைகூடக் கூடுதலாக நசுங்காது.

போல்ட் எவ்வளவு சுமை தாங்குகிறது என்றும் பாருங்கள். எஞ்சினுக்குள் காற்று போகும் பாதையான இன்லெட் மேனிஃபோல்டில் பெட்ரோல் தெளிக்கும் உங்களைப் போன்ற வண்டிகளில் ரெயிலின் அழுத்தம் 3 முதல் 4 பார் வரைதான் இருக்கும். டயரில் நாம் அடிக்கும் காற்றே 2 பாருக்குச் சற்று மேல். ஓ-ரிங்கின் விட்டம் 14 மில்லிமீட்டர் என்று வைத்துக்கொண்டால், நான்கு இன்ஜெக்டர்களும் சேர்ந்து ரெயிலை மேலே தள்ளும் விசை 25 கிலோ எடைக்கு ஈடு. ஓர் அரிசி மூட்டை! அதைப் பிடிக்க ஒவ்வொன்றும் 850 கிலோவுக்கு இறுக்கிய இரண்டு போல்ட்டுகள் இருக்கின்றன. அவ்வளவு பிடிப்பும் எஞ்சின் அதிர்வில் போல்ட் தளர்ந்துவிடாமல் இருப்பதற்காகவே. இன்னும் இறுக்கினால் கசிவு நிற்கும் என்று நினைத்தது, குழாயின் வாஷர் கிழிந்திருக்கும்போது சுவரிலிருக்கும் ஆணியை அடித்தது போல.

ஆகவே மூன்றாவது இன்ஜெக்டரின் ஓ-ரிங் மாட்டும்போது வெட்டுப்பட்டிருக்கும் அல்லது பழையதையே திரும்பப் போட்டிருப்பார்கள் என்பது என் ஊகம். வழுக்கிய போல்ட்டின் அலுமினிய மரை ஏறக்குறைய நிச்சயமாகப் போய்விட்டது. இவை இரண்டும் தனித்தனிப் பழுதுகள். இரண்டாவது பழுது முதலாவதுக்குச் செய்த வைத்தியத்தால் வந்தது.

ராயப்பேட்டை_பட்டறை எழுதியது:

பெரியவர் சொன்ன ஓ-ரிங் விஷயத்தில் எனக்கு மாற்றுக் கருத்தில்லை. ஆனால் இதைப் படிப்பவர்கள் டார்க் ரெஞ்ச் இல்லாத பட்டறையெல்லாம் பொய்ப் பட்டறை என்று எண்ணிவிடக் கூடாது என்பதற்காக எழுதுகிறேன். 25 ஆண்டுகளாக 10-ஆம் நம்பர் ரிங் ஸ்பேனரில்தான் இப்படிப்பட்ட போல்ட்டுகளை இறுக்குகிறேன்; இதுவரை ஒரு மரையும் போனதில்லை. 10-ஆம் நம்பர் ஸ்பேனரை ஏன் ஒரு சாண் அளவுக்கும் குறைவாகவும், 24-ஆம் நம்பரை முழங்கை நீளத்துக்கும் செய்கிறார்கள்? அந்தந்தப் போல்ட்டுக்கு வேண்டிய விசைக்கு மேல் கை கொடுத்துவிடக் கூடாது என்பதற்காகவே. ஸ்பேனரின் நீளமே ஓர் அளவுகோல். தவறு செய்தவர் கையால் இறுக்கியதால் தவறு செய்யவில்லை, அரை அங்குல ராட்செட்டை எடுத்ததால் செய்தார். சிறிய போல்ட்டைக் குட்டி ராட்செட்டில், கைப்பிடியின் நுனியைப் பிடிக்காமல் தலையை உள்ளங்கையில் வைத்துத் திருப்ப வேண்டும் என்பதைத்தான் நான் பையன்களுக்கு முதல் வாரத்தில் சொல்லிக்கொடுக்கிறேன்.

பாடி_போல்ட் எழுதியது:

நியாயமான பேச்சு, ஒரு பாதியை மனமார ஒப்புக்கொள்கிறேன். கைப்பழக்கத்தால் இறுக்கினால் பிடிப்பு விசை 35 சதவீதம் வரை கூடக் குறைய இருக்கலாம் என்று பொறியியல் அட்டவணைகள் சொல்லும். அதே அட்டவணைகள் டார்க் ரெஞ்சுக்கு 25 முதல் 30 சதவீதம் என்றுதான் போட்டிருக்கும், ஏனென்றால் ரெஞ்ச் 4 சதவீதத் துல்லியத்தோடு வேலை செய்தாலும் உராய்வு ஒவ்வொரு மரையிலும் வேறுபடுகிறது. கருவி வைத்திருப்பவர்கள் இதை ஒப்புக்கொள்ளத் தயங்குவார்கள். ஆனால் அந்த 35 சதவீதம் தேர்ந்த கைக்குரியது. பழகாத கை சிறிய போல்ட்டை அளவுக்கு மீறி இறுக்கும், பெரிய போல்ட்டைப் போதாமல் விடும். வீட்டில் ஆண்டுக்கு ஒருமுறை பானட்டைத் திறப்பவருக்குத்தான் ரெஞ்ச் அதிகம் தேவைப்படுகிறது.

நீங்கள் சொன்ன ஸ்பேனர் நீளத்தை வைத்தே ரெஞ்ச் இல்லாமலும் அளக்கலாம். பயணப்பெட்டியை எடைபோடும் சிறிய மின்னணுத் தராசின் கொக்கியை ரிங் ஸ்பேனரின் மறுமுனையில் மாட்டி, போல்ட்டின் நடுவிலிருந்து கொக்கி வரையுள்ள தூரம் 15 சென்டிமீட்டர் என்றால், ஸ்பேனருக்குச் செங்குத்தாக இழுத்து 6.8 கிலோ காட்டும்போது நிறுத்துங்கள். அதுவே 10 நியூட்டன் மீட்டர். சாய்வாக இழுத்தால் கணக்குப் பொய்த்துவிடும். இடம் குறுகலான எஞ்சினில் இப்படி இழுப்பது சிரமம் என்பது வேறு விஷயம்.

மேடவாக்கம்_டீசல் எழுதியது:

இதைப் படித்துவிட்டு டீசல் வண்டிக்காரர்கள் யாரும் தங்கள் வண்டியில் கை வைத்துவிடக் கூடாது என்பதால் ஒரு குறுக்கீடு. காமன் ரெயில் டீசலில் அழுத்தம் 1,600 பார் அளவுக்குப் போகும். அங்கே கசிவு கண்ணுக்குத் தெரியாத ஊசியாகப் பாய்ந்து தோலைத் துளைத்து உள்ளே போய்விடும். கையால் தடவிக் கசிவு தேடுவது விரலையே இழக்கும் வேலை. எஞ்சின் ஓடும்போது உயர் அழுத்தக் குழாயின் நட்டைத் தளர்த்தவே கூடாது. ஒருமுறை கழற்றிய உயர் அழுத்தக் குழாயைத் திரும்பப் போடாமல் புதியதையே மாட்டச் சொல்லும் தயாரிப்பாளர்கள் பலர். இன்ஜெக்டரைப் பிடிக்கும் கிளாம்ப் போல்ட்டும் பல எஞ்சின்களில் முதலில் ஓர் அளவு இறுக்கிப் பிறகு இத்தனை டிகிரி திருப்பு என்று சொல்லும் வகை. அது ஒரு தடவைக்கு மட்டும்.

ஓ-ரிங்குக்குப் பெரியவர் சொன்ன விதி செம்பு வாஷருக்குப் பொருந்தாது என்பதையும் சேர்த்துச் சொல்லிவிடுகிறேன். ஃப்யூயல் ஃபில்டரில் இரு பக்கமும் வாஷர் வைத்து நடுவில் துளையுள்ள போல்ட் போடுகிற பான்ஜோ இணைப்பில், வாஷரை நசுக்கி அடைப்பதே போல்ட்டின் இறுக்கம்தான். அங்கே அளவு குறைந்தால் கசியும், கூடினால் துளையுள்ள போல்ட் முறியும். நசுங்கிய வாஷர் கடினமாகிவிடுவதால் ஒவ்வொரு முறையும் புதியது போட வேண்டும். குழாய் நட்டுக்காகத் திறந்த வாய் உள்ள இணைப்பை டார்க் ரெஞ்சில் மாட்டுபவர்கள் அதை ரெஞ்சுக்குச் செங்கோணத்தில் வைத்தால் அளவு மாறாது. நேர்கோட்டில் நீட்டி வைத்தால் நெம்பின் நீளம் கூடிவிடும். 25 சென்டிமீட்டர் ரெஞ்சில் 3 சென்டிமீட்டர் நீட்டினால், 27 நியூட்டன் மீட்டர் வேண்டுமென்றால் ரெஞ்சை 24-இல் வைக்க வேண்டும்.

முகப்பேர்_ஓட்டி எழுதியது:

அனைவருக்கும் நன்றி. வண்டியை அன்றே வெளியே தள்ளி நிறுத்திவிட்டேன். கால் அங்குல ரெஞ்ச் ஒன்று வாங்கி, இந்த ஞாயிற்றுக்கிழமை காலையில் வெயில் ஏறுவதற்கு முன் வேலையைத் தொடங்கினேன்.

ஐயா சொன்னது இரண்டிலும் சரியாக இருந்தது. மூன்றாவது இன்ஜெக்டரின் மேல் ஓ-ரிங்கில் நகத்தால் கிள்ளியது போல ஒரு வெட்டு இருந்தது. மற்ற மூன்றும் முழுதாக இருந்தாலும் கடினப்பட்டு, தட்டையாகிப் போயிருந்தன. ஆக, சுத்தம் செய்தவர்கள் பழையவற்றையே போட்டிருக்கிறார்கள். வழுக்கிய போல்ட்டைக் கழற்றியபோது அதன் பற்களுக்கிடையே அலுமினியம் சுருள்சுருளாக ஒட்டிக்கொண்டு வந்தது. மற்றொரு போல்ட் நல்ல நிலையில் இருந்தாலும் அளவுக்கு மீறி இழுபட்டிருக்கலாம் என்பதால் இரண்டையுமே புதிதாக வாங்கிவிட்டேன்.

மரை போன குழிக்கு என்ன செய்வது என்பதுதான் இப்போதைய கேள்வி. ஒரு கடையில் 7 மில்லிமீட்டருக்குப் பெரிதாக்கி மரை போட்டுவிடலாம் என்றார்கள். இன்னொருவர் ஒட்டுப் பசை வைத்து அதே போல்ட்டைப் போடச் சொன்னார்.

ராயப்பேட்டை_பட்டறை எழுதியது:

பசையை மறந்துவிடுங்கள், தம்பி. ஹெலிகாயில் என்ற துருப்பிடிக்காத எஃகுச் சுருளைப் போட்டால் பழைய 6 மில்லிமீட்டர் போல்ட்டே அதே இடத்தில் உட்காரும். அலுமினியத்தின் சொந்த மரையைவிட உறுதியாகவும் இருக்கும். புதுப்பேட்டையில் இதைச் செய்யும் லேத் பட்டறைகள் உண்டு, ஆனால் எஞ்சினை அங்கே தூக்கிக்கொண்டு போக முடியாது என்பதால் கருவிப் பெட்டியோடு வந்து செய்பவராகப் பாருங்கள். 6.3 மில்லிமீட்டர் துளை போட்டு, அதற்கென்று வரும் டேப் என்ற கருவியால் மரை வெட்டி, சுருளை மேற்பரப்பிலிருந்து அரைச் சுற்று உள்ளே இறங்கும்படி ஏற்ற வேண்டும். துளை நேராகப் போக வேண்டும். சாய்ந்தால் ரெயில் கோணலாக உட்கார்ந்து, புது ஓ-ரிங்கையும் ஒரு பக்கம் நசுக்கிவிடும்.

துளை போடுவதற்கு முன் நான்கு இன்ஜெக்டர் குழிகளையும் சுத்தமான துணியால் அடைத்துவிடுங்கள், துணிகளை எண்ணி வையுங்கள். ட்ரில் முனையிலும் டேப்பிலும் கிரீஸ் தடவினால் தூள் அதில் ஒட்டிக்கொண்டு வரும். ஒரு சிட்டிகை அலுமினியம் வால்வு வழியாக உள்ளே போனாலும் மரைச் செலவு எஞ்சின் செலவாக மாறிவிடும்.

பாடி_போல்ட் எழுதியது:

ஓ-ரிங் வாங்கும்போது வண்டி நிறுவனத்தின் உதிரிப்பாகக் கடையிலேயே எண் சொல்லி வாங்குங்கள். இப்போது நமக்குக் கிடைக்கும் பெட்ரோலில் எத்தனால் 20 சதவீதம் வரை இருக்கிறது. அதைத் தாங்கக்கூடிய ஃப்ளூரோகார்பன் ரப்பர் வேண்டும். கடைக்காரர்கள் இதை வைட்டான் என்று சொல்வார்கள். பச்சை நிறமாயிருந்தால் வைட்டான் என்று நம்பிவிடாதீர்கள்; எந்த ரப்பருக்கும் எந்தச் சாயத்தையும் ஏற்றலாம். மாட்டும்போது வளையத்தின் மேல் மட்டும் ஒரு துளி சுத்தமான எஞ்சின் எண்ணெய் தடவி, முறுக்காமல் நேராக அழுத்துங்கள். மரையில் எண்ணெய் வேண்டாம் என்று நான் சொன்னதையும் இதையும் குழப்பிக்கொள்ள வேண்டாம்.

இரண்டு போல்ட்டையும் முதலில் விரலால் முழுவதும் ஏற்றிவிடுங்கள். விரலுக்கு மசியாத போல்ட்டில் ரெஞ்ச் வைக்காதீர்கள். பிறகு இரண்டையும் மாறி மாறிப் பாதி அளவுக்கு இறுக்கி, கடைசியில் 10-க்கு வாருங்கள். ஒரு 'கிளிக்' கேட்டதும் நிறுத்திவிடுங்கள். உறுதிக்காக இன்னொரு முறை என்று இழுப்பவர்கள் 10-ஐப் 12 ஆக்கிவிடுகிறார்கள். வேலை முடிந்ததும் ரெஞ்சை மிகக் குறைந்த அளவுக்குத் தளர்த்தி வையுங்கள்.

முகப்பேர்_ஓட்டி எழுதியது:

புதன்கிழமை ஒருவர் வீட்டுக்கே வந்து ஹெலிகாயில் போட்டுக்கொடுத்தார். நான்கு துணி வைத்து, நான்கையும் எடுத்தேன். புதிய ஓ-ரிங்குகள், புதிய போல்ட்டுகள், 10 நியூட்டன் மீட்டர். பேட்டரியை இணைத்த பிறகு உடனே ஸ்டார்ட் செய்யாமல், சாவியை ஆன் நிலைக்கு மட்டும் திருப்பிப் பம்ப் ஓடி நிற்கும் வரை காத்திருந்து, அணைத்து, இப்படி நான்கு முறை செய்து ஒவ்வொரு இன்ஜெக்டரின் தலையிலும் வெள்ளைத் தாளை ஒற்றிப் பார்த்தேன். எங்கும் ஈரமில்லை. அதன் பிறகே எஞ்சினை ஓடவிட்டேன்.

நேற்று சிறுசேரி வரை போய் வந்து, எஞ்சின் சூடாக இருக்கும்போதும், இன்று காலை ஆறிய பிறகும் முகர்ந்து பார்த்தேன். வாடை இல்லை. இரண்டு போல்ட்டுகளின் தலையிலிருந்து ரெயிலின் கால் வரை வெள்ளைப் பெயின்டால் ஒரு கோடு இழுத்திருக்கிறேன். அடுத்த சர்வீஸில் யாராவது ராட்செட் வைத்தால் கோடு விலகித் தெரிந்துவிடும்.